முதலில் தீட்டுக்கல், பிறகு கத்தி

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். நண்பர்களோடு மாதம் ஒருமுறை கொல்லிமலை, ஏற்காடு என்று நடக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். பையில் போட்டுக்கொள்ள எந்தக் கத்தி வாங்கலாம் என்பது முதலாவது. வாங்கியதைக் கூர் மழுங்காமல், துருப்பிடிக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்பது இரண்டாவது. பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த தாத்தாவின் மடக்குக் கத்தி துருவேறி விரியவே மாட்டேன் என்கிறது, அதைத் தேற்ற முடியுமா என்பது மூன்றாவது.

கடைக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கத்திக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து முதலில் தீட்டுக்கல் வாங்குங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கத்தி மழுங்கத்தான் செய்யும். தீட்டத் தெரியாவிட்டால் ஆறு மாதத்தில் அது தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கும், அப்புறம் அலமாரியில் தூங்கும். என்னிடம் ஆலோசனை கேட்டு வாங்கிய பலர் வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்தக் கத்தியைப் பார்த்தாலும் முதலில் நான் கேட்பது, இதை நானே தீட்டிக்கொள்ள முடியுமா என்பதுதான். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

சரி, மலைப்பாதையில் எதையெல்லாம் வெட்டப் போகிறீர்கள்? நைலான் கயிறு, பொட்டலம், வெங்காயம், மாங்காய், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. கூடாரம் போட்டால் முளைக்குச்சி சீவ வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் அலகு தாராளமாகப் போதும். இளநீர் சீவவும் மூங்கில் வெட்டவும் நம் ஊரில் அதற்கென்றே அரிவாள் இருக்கிறது. அந்த வேலையைச் சட்டைப்பைக் கத்தியிடம் கேட்டால் கத்தியும் கெடும், கையும் கெடும்.

நீளத்தைவிட முக்கியமானது அலகின் கனம். இணையக் கடைகளில் முரட்டுத் தோற்றத்தோடு விற்கும் காட்டுக் கத்திகள் பல, முதுகுப் பக்கம் ஐந்து மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதை வைத்து ஒரு கேரட்டை நறுக்கிப் பாருங்கள். பாதி இறங்கியதும் ஆப்பு அடித்த மாதிரி கேரட் பிளந்துகொண்டு போகும். வெட்டுவாய் எவ்வளவு கூராக இருந்தாலும் அதன் பின்னால் வருகிற உடல் தடித்திருந்தால் கத்தி இறங்காது. மடக்குக் கத்தியில் இரண்டு மில்லிமீட்டரை ஒட்டியும், மடங்காத கத்தியில் இரண்டரை, மூன்றுக்குள்ளும் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். மெல்லிய அலகைத் தீட்டுவதும் சுலபம், ஏனென்றால் தேய்த்து எடுக்க வேண்டிய எஃகு குறைவு.

நான் தயங்காமல் சொல்லக்கூடியவை மூன்று.

முதலாவது பிரான்சின் ஓப்பினல். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவோய் பகுதியில் ஜோசஃப் ஓப்பினல் 1890-ல் செய்த விவசாயிகளின் கத்தி. 1897-ல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு அளவு பிரித்தார்கள், அந்த எண்களைச் சொல்லித்தான் இன்றும் வாங்குகிறோம். எட்டாம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர். மரப்பிடி, அலகு, அச்சாணி, ஒரு வளையம், அவ்வளவுதான் கத்தியே. விரித்த அலகு விரல்மேல் மடங்காமல் அந்த வளையத்தைத் திருப்பிப் பூட்டுவார்கள், அது 1955-ல் சேர்ந்தது. இதற்கு ஒரு குறை உண்டு. மழையில் நனைந்தால் மரம் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் கொல்லிமலையில் எனக்கு இது நடந்திருக்கிறது. அப்போது நகத்தால் இழுத்து மல்லுக்கட்டக் கூடாது. பிடியின் பின்முனையை ஒரு கட்டையில் தட்டினால் அலகு தானாகக் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்கள் பரம்பரையாகச் செய்யும் வித்தை இது. ஆளிவிதை எண்ணெயை மரத்தில் இரண்டு மூன்று தடவை ஊறவிட்டுக் காயவைத்தால் ஊதுவதும் குறையும்.

இரண்டாவது விக்டோரினாக்ஸ். ஸ்விட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் கார்ல் எல்ஸனர் 1884-ல் தொடங்கிய பட்டறை அது. 1891-ல் சிப்பாய்களுக்கும், 1897-ல் அதிகாரிகளுக்கென்று இன்னும் இலேசாகவும் செய்த கத்தியின் வழிவந்ததுதான் இன்று கடைகளில் பார்க்கும் சிவப்புக் கத்தி. அம்மா விக்டோரியாவின் பெயரோடு, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமான 'இனாக்ஸ்' சேர்ந்து 1921-ல் இந்தப் பெயர் வந்தது. இதன் எஃகு அவ்வளவு கெட்டியானது அல்ல, சீக்கிரம் மழுங்குகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. மழுங்குவது உண்மைதான். ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்பக் கூராகிவிடும். புதிதாகத் தீட்டக் கற்பவருக்கு இதைவிட நல்ல எஃகு கிடையாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மடக்கிய நீளம் 91 மில்லிமீட்டர் உள்ள கத்திகளில் பூட்டு இல்லை, ஸ்பிரிங் மட்டுமே அலகைப் பிடித்திருக்கிறது. முனையால் குத்தித் துளைபோடப் போனால் அலகு விரல்மேல் மடங்கும். துளைபோடத் தனி ஊசி அதிலேயே இருக்கிறது, அதை எடுங்கள்.

மூன்றாவது ஸ்வீடனின் மோரா ஊர்க் கத்தி, மடங்காதது. கூடாரம் போட்டுத் தங்குகிறவர் என்றால் உங்களுக்கு இதுதான். பத்து சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய அலகு, பிளாஸ்டிக் உறை, கையை விட்டு நழுவாத பிடி. தச்சரும் மீன்பிடிப்பவரும் வைத்திருக்கும் எளிய கருவி என்பதால் விலையும் மற்ற வெளிநாட்டுக் கத்திகளோடு பார்த்தால் குறைவு. அலகின் இரு பக்கமும் அகலமான ஒரே சரிவு வெட்டுவாய்வரை நேராக இறங்கும். தீட்டும்போது அந்தச் சரிவைக் கல்லில் படியவைத்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும்.

எஃகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடிவே இருக்காது. இரும்போடு கரி சேர்ந்தால் எஃகு, கரி கூடக் கூடக் கெட்டிப்படுத்தலாம். அதில் பத்தரை சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் சேர்த்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். ஓப்பினல், மோரா இரண்டிலும் இருவகையும் கிடைக்கும். வெறும் கரி எஃகு கல்லில் சீக்கிரம் கூராகும், ஆனால் ஈரத்தோடு உறையில் போட்டால் மறுநாள் செம்புள்ளி தெரியும். கடற்கரை ஊரில் இருந்தால் முதல் கத்தியைத் துருப்பிடிக்காத வகையிலேயே வாங்குங்கள். டி2 என்ற எஃகைக் குறைந்த விலைக் கத்திகளில் இப்போது நிறையப் பார்க்கிறோம். ஒன்றரை சதவீதம் கரி இருப்பதால் கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் பன்னிரண்டு சதவீத குரோமியத்தில் பெரும்பகுதியை அந்தக் கரியே பிடித்து வைத்துக்கொள்வதால் துருவும் ஏறும், சாதாரணக் கல்லில் தீட்டப் பொறுமையும் வேண்டும். எஃகின் பெயரைச் சொல்லாமல் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்து, அலகில் அலையலையாகக் கோலம் போட்டு விற்பதை வாங்காதீர்கள். அந்தக் கோலம் பெரும்பாலும் மேலே பொறித்த படம்தான்.

இனி தீட்டுவதற்கு வருவோம். இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

முதலில் எதைச் செய்யக் கூடாது என்பது. என் முதல் மடக்குக் கத்தியைச் சந்தையில் மோட்டார் சாணை வைத்திருந்தவரிடம் கொடுத்தேன். பொறி பறந்தது, ஒரு நிமிடத்தில் முடிந்தது, முனையோரம் நீலம் பாய்ந்திருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டே நாளில் அந்த இடம் மட்டும் மடங்கி மழுங்கியது. காரணத்தைப் பின்னால் ஒரு கொல்லர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கெட்டியாக்குகிறார்கள். அது கண்ணாடிபோல் உடையாமல் இருக்கச் சுமார் இருநூறு டிகிரி சூட்டில் மறுபடி பதப்படுத்துகிறார்கள். எஃகு நீலமானால் சூடு முந்நூறு டிகிரியை ஒட்டிப் போய்விட்டது என்று அர்த்தம், அங்கே பதம் போய்விட்டது. அரிவாளும் அரிவாள்மனையும் கனமானவை, சூட்டை உள்வாங்கித் தாங்கும். மெல்லிய பேனாக்கத்தி தாங்காது. அனுபவமுள்ள சாணைக்காரர்கள் அலகை அடிக்கடி தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பிடிப்பது இதற்காகத்தான். உங்கள் கத்தியைக் கையால் மட்டும் தீட்டுங்கள்.

இரும்புக்கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமுமாக இருக்கும் கார்போரண்டம் கல் கிடைக்கும். தொடங்குவதற்கு அதுவே போதும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் ஆயிரம் நம்பர் தண்ணீர்க்கல் ஒன்று வாங்குங்கள் (நம்பர் கூடினால் நயம் கூடும்), வாராந்தர வேலைக்கு அதுதான் சரி. வெட்டுவாயில் பல் விழுந்திருந்தால் மட்டும் நானூறு நம்பர் தேவைப்படும். தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தொடங்கிய கல்லில் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் ஊறிய கல் அப்புறம் தண்ணீர் குடிக்காது.

கோணம்தான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. பக்கத்துக்கு இருபது டிகிரி என்று எழுதியிருப்பார்கள், அதைக் கையில் எப்படிப் பிடிப்பது? அலகின் அகலத்தைப் பாருங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் இருபது டிகிரி ஆகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் அகல அலகுக்கு ஏழு மில்லிமீட்டர் தூக்க வேண்டும். கண்ணால் பிடிபடவில்லையா? ஒரு தாளின் மூலையை இரண்டு முறை சரிபாதியாக மடியுங்கள். தொண்ணூறு நாற்பத்தைந்தாகி, நாற்பத்தைந்து இருபத்திரண்டரை ஆகும். அந்த மடிப்பைக் கல்லின் ஓரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு டிகிரி கூடக்குறைய இருப்பதால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு இழுப்புக்கும் கோணம் மாறினால்தான் கூர் வராது. அதனால் மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள், வேகம் வேண்டாம்.

வெட்டுவாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொண்டு நாலைந்து இழுப்பு இழுத்துப் பாருங்கள். நுனியில் மை மிச்சமிருந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். நுனியில் மட்டும் அழிந்து மேலே அப்படியே இருந்தால் தாழ்த்த வேண்டும். இதைவிட நல்ல ஆசிரியர் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு பக்கத்தையே தேய்த்துக்கொண்டு போனால் மறுபக்கத்தில் நகத்தில் தட்டுப்படுகிற மாதிரி மெல்லிய பிசிறு எழும். விரலை வெட்டுவாயின் நீளவாக்கில் ஓட்டாமல், முதுகிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்தித் தொட்டுப் பாருங்கள். அடிமுதல் முனைவரை பிசிறு எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். புதியவர்கள் தவறுவது இங்கேதான். பிசிறு எழுமுன்பே திருப்பிவிடுவார்கள், ஒரு மணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை என்பார்கள். எழுந்த பிறகு திருப்பி மறுபக்கமும் அதேபோல் செய்யுங்கள். பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இழுங்கள், பிசிறு தேய்ந்து போகும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னால் போக வெட்டுவாய் பின்னால் வரும்படி இருபது தடவை வாரிவிடுங்கள். நாவிதர் சவரக்கத்தியை வாரில் தீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். செய்தித்தாளைத் தொங்கப் பிடித்து வெட்டினால் கிழியாமல் சீராக இறங்க வேண்டும்.

மலையில் கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்பு பூசாத வளையம் ஒன்று இருக்கும். அதில் பத்து இழுப்பு இழுத்தால் அன்றைய சமையலுக்குத் தேவையான கூர் வந்துவிடும்.

பயன்படுத்துவதில் எதையும்விட முக்கியமானது, உட்கார்ந்து குச்சி சீவும்போது கை எங்கே இருக்கிறது என்பது. இரண்டு தொடைகளுக்கும் நடுவில் வைத்து ஒருபோதும் சீவாதீர்கள். தொடையின் உட்புறம் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் வெட்டுப்பட்டால், மருத்துவமனைக்குப் பல மணி நேரம் நடக்க வேண்டிய இடத்தில் உயிருக்கே ஆபத்து. முழங்கைகளை முழங்கால்கள்மேல் ஊன்றிக்கொண்டு, உடம்பைவிட்டு வெளிப்பக்கமாகச் சீவுங்கள். தொடங்கும் முன் கையை நீட்டிச் சுற்றிப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் யாராவது இருந்தால் அவர்கள் நகரும்வரை காத்திருங்கள். கத்தி கைநழுவி விழுந்தால் பிடிக்கப் போகாமல் காலை இழுத்துக்கொள்ளுங்கள். டப்பா மூடியை நெம்பாதீர்கள், முனை ஒடிந்த கத்திகளில் பெரும்பாலானவை நெம்பி ஒடிந்தவைதான். மழுங்கிய கத்திக்குக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டியிருக்கும், வழுக்கினால் அந்தப் பலம் முழுவதும் கைமேல் இறங்கும். பலாப்பழம் வெட்டும் முன் அலகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது.

பராமரிப்பு பெரிய காரியமில்லை. வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மடியுங்கள். எலுமிச்சை, புளி, மாங்காய் வெட்டினால் உடனே கழுவுங்கள். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசியே ஆகவேண்டும், உப்பு பட்டால் துருப்பிடிக்காத எஃகிலும் குழிப்புள்ளி விழும். மடக்குக் கத்தியின் அச்சாணியில் மாதம் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடலாம். அலகில் தேங்காய் எண்ணெய் பூசுவது அன்றாடம் எடுக்கும் கத்திக்குச் சரி. மாதக்கணக்கில் வைக்கிற கத்தியில் அது பிசுபிசுத்துச் சிக்கு வாடை வரும், அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், கத்தியை நீண்ட நாள் உறைக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். கரி எஃகு நாளடைவில் சாம்பலும் நீலமுமாகக் கறுத்தால் கவலைப்படாதீர்கள். வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கிய பழைய அரிவாள்மனை கறுத்திருக்குமே, அதேதான். கறுப்பு காப்பாற்றும், சிவப்புத்தான் அரிக்கும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஆயுதச் சட்ட விதிகள் உரிமம் கேட்பது ஒன்பது அங்குலத்தைவிட நீளமான அல்லது இரண்டு அங்குலத்தைவிட அகலமான அலகுகளுக்கு. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் சேராது. நான் சொன்ன மூன்றும் அந்த அளவுக்கு வெகு கீழே. அதற்காகப் பேருந்து நிலையத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க வேண்டாம், பைக்குள் அடியில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரிகிற வகையை வாங்கவே வேண்டாம். விமானத்தில் கைப்பையில் அனுமதியில்லை. மலையேறுகிறவர்களில் பலருக்குத் தெரியாதது இன்னொன்று. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று வரையறுப்பதில் கத்தியும் இருக்கிறது. சரணாலயத்துக்குள் அதைக் கொண்டுபோக 31-ஆம் பிரிவின்படி எழுத்துமூலம் முன் அனுமதி வேண்டும். முதுமலை, களக்காடு பக்கம் போவதாக இருந்தால் கத்தியைத் தங்கும் இடத்திலேயே விட்டுச் செல்லுங்கள். மற்ற காடுகளிலும் நுழைவிடத்தில் வனக்காப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது தாத்தாவின் கத்தி. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துருவேறியிருப்பதைப் பார்த்தால் கரி எஃகாகத்தான் இருக்க வேண்டும். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைச் செய்ததே 1913-ல்தான், அது சட்டைப்பைக் கத்திகளில் பரவலாக வர இன்னும் பல வருடங்கள் ஆயின. அலகைப் பலவந்தமாக இழுக்காதீர்கள், நகம் வைக்கும் பள்ளம் பிய்ந்துவிடும். அச்சாணியின் இரு பக்கமும் தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு நாள் வைத்திருங்கள். பிறகு தடிமனான துணியைச் சுற்றிக்கொண்டு மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் போதும், மறுபடி எண்ணெய், மறுபடி அசைவு. ஒரு வாரம்கூட ஆகலாம். விரிந்ததும் உள்ளே சேர்ந்திருக்கும் கறுப்புச் சேற்றைப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுங்கள். பிடி கொம்பிலோ எலும்பிலோ செய்ததாக இருந்தால் தண்ணீரிலும் வினிகரிலும் ஊறப்போடக் கூடாது, வெடித்துவிடும்.

அலகின் துருவை வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளில் அறுநூறு நம்பர் எடுத்து, எண்ணெய் தொட்டு நீளவாக்கில் தேய்த்து எடுங்கள். செம்மை போனதும் நிறுத்திக்கொள்ளுங்கள். செய்தவர் முத்திரை அடியோரம் இருக்கும், அந்த இடத்தில் பேப்பரை வைக்கவே வேண்டாம், கட்டைவிரலால் எண்ணெயைத் தேய்த்தாலே எழுத்து தெளியும். அலகின் உடம்பில் துரு தின்ற குழிகள் இருந்தால் இருக்கட்டும், வெட்டுவாயில் இல்லாதவரை வேலைக்குத் தடையில்லை. இத்தனையும் முடிந்த பிறகு ஆயிரம் நம்பர் கல்லை நனைத்து, வெட்டுவாயில் மையைப் பூசி, தீட்டுகிற முதல் பாடத்தை அதிலேயே தொடங்குங்கள். பழைய கரி எஃகில் பிசிறு சீக்கிரம் எழும், விரலுக்கும் நன்றாகத் தெரியும். ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் பிசிறு வர அரை மணி நேரம் பிடிக்கும். அது வந்ததும் எப்படி வெட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள், புதுக் கத்தி எதை வாங்கலாம் என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.